தடைக்காலத்தில் கட்டிய பாலம்: முதல் லெவல் எடிட்டரைத் தேர்ந்து பழகிய 61 நாள்

2025-இல் விசைப்படகுகளுக்கான மீன்பிடித் தடைக்காலம் வழக்கம்போல ஏப்ரல் 15 அன்று தொடங்கியது. ஜூன் 14 வரை, மொத்தம் 61 நாள். பாம்பனில் இருக்கும் என் மச்சான் படகைக் கரையேற்றிவிட்டு வலை பார்க்க உட்கார்ந்துவிட்டார். பிளஸ் ஒன் தேர்வு முடித்திருந்த அக்கா மகன், அந்த வாரமே மண்டபத்தில் நான் நடத்தும் கணினி வகுப்புக்கு வந்து நின்றான்.

"மாமா, துப்பாக்கி கேமுக்கு மேப் செய்யணும். நம்ம பாலத்தையே மேப்பா செய்யணும். எந்த எடிட்டர் கத்துக்கிட்டா நல்லது?"

மேப் என்பது விளையாட்டுக்குள் ஆட்டக்காரர் நடமாடும் இடம், அதைக் கட்டும் மென்பொருள்தான் லெவல் எடிட்டர். அவன் கேள்விக்கு முழுப் பதில் கிடைக்கத் தடைக்காலம் முழுவதும் ஆனது. எதைத் தேர்ந்தோம், ஏன், எங்கே மாட்டிக்கொண்டோம் என்பதையெல்லாம் நோட்டில் குறித்து வைத்திருந்தேன். இதே கேள்வியோடு வருகிற பிள்ளைகள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அவர்களுக்கும், அவர்களுக்குச் சொல்லித்தர உட்காருகிறவர்களுக்கும் உதவட்டும் என்று எழுதுகிறேன்.

கையில் இருந்தது இவ்வளவுதான்: 4 ஜிபி ரேம் உள்ள பழைய டெஸ்க்டாப், தனி கிராஃபிக்ஸ் கார்டு கிடையாது. இணையத்துக்கு என் போனின் ஹாட்ஸ்பாட். மதியத்தில் கரண்ட் போவது உண்டு. எனக்கும் பெரிய அனுபவம் இல்லை. கல்லூரி நாள்களில் ஹாஃப் லைஃப் விளையாட்டுக்கு இரண்டு மூன்று அறைகள் கட்டிப் பார்த்திருக்கிறேன்.

எடிட்டருக்கு முன்னால் பாலம்

எந்த எடிட்டர் என்று கேட்பதற்கு முன்னால், எந்த விளையாட்டுக்குள் நடக்கப் போகிறோம், அங்கே என்ன நடக்க வேண்டும் என்று முடிவு செய்ய வேண்டும். லெவல் எடிட்டர் தனியாக நிற்கும் பொருள் இல்லை. ஒரு விளையாட்டின் எஞ்சினுக்கு, அதாவது அதை ஓட்டும் அடிப்படை நிரலுக்கு, என்ன தெரியுமோ அதைத்தான் அதன் எடிட்டரால் எழுத முடியும். அதனால் முதல் இரண்டு நாள் கணினியைத் தொடவே இல்லை. தாளில் படம் போட்டோம்.

மருமகன் மனத்தில் முதலில் இருந்தது தனுஷ்கோடி. இடிந்த தேவாலயம், ரயில் நிலையச் சுவர்கள், மணல். பார்வைக்கு அதைவிடப் பொருத்தமான இடம் கிடைக்காது என்பது உண்மைதான். ஆனால் அக்காவின் மாமியார் அதைக் கேட்டதும் முகம் மாறிவிட்டார். 1964 டிசம்பர் 22 இரவு புயல் அலை ரயிலையே இழுத்துக்கொண்டு போன ஊர் அது. "அங்கே துப்பாக்கி வேண்டாம்யா" என்று மட்டும் சொன்னார். நாங்கள் அதோடு விட்டுவிட்டோம். அது சரியான முடிவு என்றே இன்றும் நினைக்கிறேன்.

அடுத்து பாலம். பாம்பனில் அப்போது இரண்டு ரயில் பாலங்கள் பக்கத்துப் பக்கத்தில் நின்றன. 1914-இல் திறந்த பழையதில், நடுவில் இரண்டு இறக்கைகள் கை விரித்தாற்போல இருபுறமும் சாய்ந்து எழும்படி இருந்தன. 2025 ஏப்ரல் 6 அன்று திறந்த புதியதில், 72.5 மீட்டர் நீளமுள்ள நடுப்பகுதி மட்டமாகவே 17 மீட்டர் வரை மேலே போகும். பையனுக்குப் பழைய பாலத்தின் மேல்தான் ஆசை. அவன் தாத்தா அதன் வழியாகப் போய்வந்தவர்.

சாய்ந்து எழுவது, மட்டமாக எழுவது என்ற இந்த ஒரு வித்தியாசம் பின்னால் பெரிய விஷயமாக ஆனது. அப்போதைக்குத் தாளில் மூன்று தேவைகளை எழுதினோம். பாலத்தின் மேல் நடக்க வேண்டும். அதே பாலத்துக்கு அடியில் நீந்தவும் படகு போகவும் வேண்டும். நடுப்பகுதி ஏறி இறங்க வேண்டும்.

ஒரே வீடு, மூன்று எடிட்டர்

ஒவ்வொரு எடிட்டரிலும் ஒரே வேலையைச் செய்து பார்ப்பது என்று வைத்துக்கொண்டோம். அக்கா வீடு: திண்ணை, நடுக்கூடம், அடுப்படி, மொட்டை மாடிக்குப் போகிற படி. ஒன்றுக்கு இரண்டு நாள். நான் பார்த்தது ஒன்றைத்தான். சுவரை மாற்றியபின் அந்த அறைக்குள் ஆட்டக்காரராக நடந்து பார்க்க எவ்வளவு நேரமாகிறது? புதிதாகக் கற்கிறவருக்கு அந்த இடைவெளிதான் எல்லாம். அது நீண்டால், கை எதைச் செய்தது, கண் எதைப் பார்த்தது என்ற தொடர்பே அறுந்துவிடும்.

முதலில் டூம். 1993 டிசம்பரில் வந்த விளையாட்டு. அதற்கு அல்டிமேட் டூம் பில்டர் என்ற இலவச எடிட்டர் இருக்கிறது. படங்களும் ஒலிகளும் ஃப்ரீடூம் என்ற இலவசத் தொகுப்பில் கிடைக்கும். வீட்டு பிளான் வரைவதுபோல மேலிருந்து பார்த்துக் கோடு போட்டு மூடினால் அறை வந்துவிடும். பையன் அரை மணி நேரத்துக்குள் நடுக்கூடத்தில் நடந்தான். இவ்வளவு சீக்கிரம் பலன் தரும் எடிட்டரை நான் பார்த்ததில்லை. சின்னப் பிள்ளைகளுக்கு இதைத்தான் முதலில் கொடுப்பேன்.

ஆனால் மொட்டை மாடியில் மாட்டிக்கொண்டோம். அசல் டூமில் தரைத்திட்டம் முழுவதும் துண்டுகளாகப் பிரிந்திருக்கும். ஒவ்வொரு துண்டுக்கும் ஒரே தரை உயரம், ஒரே கூரை உயரம். ஓர் அறையின் மேல் இன்னோர் இடம் இருக்க முடியாது. அப்படியானால் பாலத்தின் மேலும் நடந்து அடியிலும் நீந்துவது எப்படி? ஜிஇசட்டூம் போன்ற பிற்கால எஞ்சின்கள் அதற்கு வழி தருகின்றன. ஆனால் முதல் மாதத்திலேயே அந்தச் சுற்றுவழியில் இறங்கச் சொல்ல எனக்கு மனமில்லை.

இரண்டாவது சாவர்பிராட்டன். விளையாடிக்கொண்டிருக்கும்போதே ஒரு பொத்தானைத் தட்டிச் சுவரை இழுக்கலாம், தள்ளலாம். காத்திருப்பே கிடையாது. ஒரே மேப்பை இரண்டு பேர் இரண்டு கணினியிலிருந்து ஒன்றாகக் கட்டலாம். என் வகுப்புப் பிள்ளைகள் சுற்றி நின்று பார்த்தது இதைத்தான். என் அளவுகோலில் இதுவே முதலிடம். ஆனால் அதில் கட்டுமானம் முழுவதும் கனசதுரங்கள், அவை நின்ற இடத்திலேயே நிற்கும். ஏறி இறங்கும் பாலத்தைத் தனி மாடலாக வேறு மென்பொருளில் செய்து கொண்டுவர வேண்டும். அதோடு மூன்றாவது தேவை அடிபட்டது.

மூன்றாவது ட்ரெஞ்ச்புரூம். ஐடி சாஃப்ட்வேர் 1996-இல் வெளியிட்ட குவேக் விளையாட்டுக்கும் அந்த வம்சத்து எஞ்சின்களுக்குமான எடிட்டர் இது. இலவசம், திறந்த மூலம். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். குவேக்கின் மூல நிரல் 1999-இல் பொதுவில் வந்துவிட்டதால், பழைய கணினியிலும் ஓடக்கூடிய குவேக்ஸ்பாஸ்ம் போன்ற எஞ்சின்கள் இருக்கின்றன. விளையாட்டைக் காசு கொடுத்து வாங்காதவர்களுக்கு லிப்ரகுவேக் என்ற இலவசத் தொகுப்பு உண்டு. வீடு கட்ட ஒன்றரை நாள் ஆனது. ஆனால் மாடி மேலே நின்றது, கூடம் கீழே இருந்தது, கதவு அசைந்தது.

குறை என்று சொன்னால், கட்டியதை அப்படியே விளையாட முடியாது. விளையாட்டு படிக்கக்கூடிய கோப்பாக மாற்ற வேண்டும். கம்பைல் செய்வது என்பது அதைத்தான், அதில் மூன்று படி. முதலாவது வெளியைத் துண்டு போடும். விஸ் எனப்படும் இரண்டாவது, எங்கே நின்றால் எது தெரியும் என்று முன்கூட்டியே கணக்குப் போடும். மூன்றாவது விளக்குக்கு நிழல் போடும். எரிக் டபிள்யூ டூல்ஸ் என்ற தொகுப்பு மூன்றையும் செய்கிறது. எங்கள் மெஷினில் ஒரு வீட்டுக்குச் சில வினாடிகள்தான் ஆயின. அதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

அன்ரியல், யூனிட்டி, கோடோ ஆகியவற்றைப் பற்றியும் பையன் கேட்டான். அவை விளையாட்டையே உருவாக்கும் கருவிகள். மனிதன் நடப்பதையும் சுடுவதையும் நாமே அமைத்த பிறகுதான் பாலத்துக்கு வர முடியும். தடைக்காலம் அதிலேயே முடிந்துவிடும். அன்ரியலை எங்கள் மெஷின் தாங்காது என்பது வேறு. ட்ரெஞ்ச்புரூமில் கட்டிய மேப்பை ஃபங்க் கோடோ என்ற துணை நிரல் மூலம் கோடோவுக்குள் கொண்டுபோகலாம் என்பதை அப்போதே சொல்லி வைத்தேன். வால்வ் நிறுவனத்தின் ஹாம்மரும் தூரத்து ஊர் இல்லை. அது முதலில் வேர்ல்ட்கிராஃப்ட் என்ற பெயரில் குவேக்குக்காகப் பிறந்த எடிட்டர்தான். ஹாஃப் லைஃப் எஞ்சினே குவேக்கிலிருந்து கிளைத்தது. இங்கே பழகிய கை அங்கேயும் ஓடும்.

ஏப்ரல் 24 அன்று ட்ரெஞ்ச்புரூம் என்று முடிவு செய்தோம். பழைய பாலத்தைப் பற்றிய ஆசையும் அன்றுதான் மாறியது. அசல் குவேக்கில் சுவர்த்துண்டு நேர்கோட்டில் நகரும், ஆனால் சுழலாது. சாய்ந்து எழும் இறக்கைகளை நேர்மையாகச் செய்ய முடியாது. மட்டமாக எழும் புதிய பாலத்தைச் செய்ய முடியும். பையன் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்போ பழசு திறந்தபடியே பக்கத்துல நிக்கட்டும் மாமா" என்றான். அது நல்ல யோசனை.

வாசலில் சிக்கிய ஆள்

பையன் நாணயமானவன். வீட்டை இஞ்சுடேப்பால் அளந்துதான் கட்டினான். குவேக்கின் அளவு யூனிட்டில் இருக்கும். ஆட்டக்காரரின் உடல் 32 அகலம், 56 உயரமுள்ள ஒரு பெட்டி. அதனால் 32 யூனிட்டை ஒரு மீட்டர் என்று வைத்துக்கொண்டோம். அடுப்படி வாசல் மூன்றடி. கணக்குப் போட்டால் 29 யூனிட். அப்படியே செய்தான், கம்பைல் செய்தான், நடந்தான். வாசலில் முட்டி நின்றுவிட்டது. பின்னால் போய் ஓடிவந்தான், பக்கவாட்டில் நுழைந்து பார்த்தான். 32 அகலப் பெட்டி 29 அகல வாசலில் எப்படி நுழையும்?

உண்மை வீட்டில் நாம் தோளை ஒடுக்கிக்கொண்டு போவோம். பெட்டிக்குத் தோள் கிடையாது. வாசலை 64 ஆக்கியதும் இயல்பாக இருந்தது. உயரங்களும் இப்படித்தான். 18 யூனிட் வரையுள்ள படியை ஆட்டக்காரர் தானாக ஏறிவிடுவார், ஏறக்குறைய 45 வரை குதித்து ஏறுவார். இந்த நான்கு எண்களையும், அதாவது 32, 56, 18, 45, ஓர் அட்டையில் எழுதி மானிட்டருக்குக் கீழே ஒட்டினோம்.

பாலத்துக்கு வந்தபோது அட்டை பெரிய உதவி. முழுப் பாலம் இரண்டு கிலோமீட்டருக்கு மேல். அசல் குவேக்கின் உலகம் ஒரு பக்கத்துக்கு 8192 யூனிட், நம் கணக்கில் 256 மீட்டர். ஆகவே நடுப்பகுதியும் இருபுறமும் கொஞ்சமும்தான் அடங்கும். நடுப்பகுதி மட்டும் 72.5 மீட்டருக்கு 2320 யூனிட். முழு ஓட்டத்தில், வினாடிக்கு 320 யூனிட் வேகத்தில், ஏழு வினாடிக்கு மேல் நேராக ஓட வேண்டும். ஒளிய இடமில்லை, திரும்ப இடமில்லை. அதை 1024 ஆகக் குறைத்தோம், உயர்வை 256 ஆக வைத்தோம். பாலம் பாலமாகவே தெரிந்தது. நெஞ்சில் பதிந்திருப்பது அதன் வடிவம்தான், மீட்டர் கணக்கு இல்லை என்பது எனக்கே அப்போதுதான் புரிந்தது.

அடித்தரை இல்லாத கடல்

மே முதல் வாரத்தில் கடலை ஊற்றினோம். அன்று மாலை கம்பைல், லீக் என்று சொல்லி நின்றுவிட்டது.

குவேக் மேப் என்பது காற்றுப்புகாத பெட்டி. உள்ளே இருக்கும் எந்தப் பொருளிலிருந்தும் வெளியே இருக்கும் சூன்யத்துக்கு ஊசி நுழையும் வழிகூட இருக்கக் கூடாது. இருந்தால் விஸ் கணக்குப் போட முடியாது. வானம் தெரிகிற திறந்தவெளிகூட உண்மையில் வானம் பூசிய சுவர்களால் மூடிய இடம்தான். பையன் வானச் சுவர்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தான். கிரிட்டை, அதாவது எடிட்டரில் தெரியும் கட்டக்கோடுகளின் இடைவெளியை, ஒன்றாகக் குறைத்து இடுக்கு தேடினான். இரண்டு மாலை அப்படியே போனது.

கம்பைலர் ஒரு பாயின்ட் ஃபைலை எழுதி வைத்திருக்கும். அதை எடிட்டரில் ஏற்றினால், உள்ளிருந்து ஓட்டை வரை ஒரு கோடு தெரியும். அதை நான் முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும். மூன்றாம் நாள் ஏற்றினோம். கோடு ஆட்டக்காரர் நிற்கும் இடத்திலிருந்து கிளம்பி, பாலத்தின் ஓரமாக இறங்கி, தண்ணீருக்குள் புகுந்து, கீழே போய்க்கொண்டே இருந்தது.

தண்ணீருக்கு அடியில் தரையே போடவில்லை. தண்ணீர் கெட்டியான பொருள் இல்லை, அது எதையும் அடைக்காது.

அன்று பையனைக் கூட்டிப்போக வந்திருந்த மச்சான் திரையைக் குனிந்து பார்த்தார். "கடலுக்குத் தரை இல்லாம எப்படிப்பா?" என்று கேட்டவர், "அந்த இடத்துல ரெண்டு பாகம் இருக்கும்" என்றார். பாகம் என்பது கடல்காரர்கள் ஆழத்துக்குச் சொல்லும் அளவு, ஏறக்குறைய ஆறடி. இரண்டு பாகம் மூன்றரை மீட்டருக்குச் சற்று மேல். 128 யூனிட் ஆழத்தில் மணல் தரை போட்டோம். லீக் போய்விட்டது.

அதன்பின் விஸ் இழுத்தது. சாப்பிட்டுவிட்டு வந்தாலும் முடியாது. பாலத்தின் தூண்கள் ஒவ்வொன்றும் வெளியைத் துண்டுபோட்டுக்கொண்டிருந்தன, கணக்கு பெருகிக்கொண்டே போனது. தூண், கைப்பிடிக் கம்பி, கர்டர் எல்லாவற்றையும் ஃபங்க் டீடெயில் என்று மாற்றினோம். பார்வையை மறைக்கும் கட்டுமானமாக எடுத்துக்கொள்ளாதே என்று விஸ்ஸுக்குச் சொல்வது அது. டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்டது.

பழைய பாலத்தின் இறக்கைகளில் இன்னொரு பாடம். சுழற்றும் கருவியால் சாய்த்ததும் மூலைகள் கிரிட்டிலிருந்து விலகி, பொருத்தங்கள் பிளந்தன. அழித்துவிட்டு, கிளிப் கருவியால் கிரிட் புள்ளிகளிலேயே சாய்வாக வெட்டினோம். குவேக்கில் எல்லாம் பிரஷ் எனப்படும் குழிவில்லாத கட்டைகள்தான். எல் வடிவச் சுவர் வேண்டுமென்றால் இரண்டு கட்டை. மரம் அறுத்துப் பலகை சேர்ப்பதைப் படகுத் துறையில் பார்த்து வளர்ந்த பையனுக்கு இது நான் எதிர்பார்த்ததைவிடச் சுலபமாகவே வந்தது.

நடுவில் ஒருநாள் கரண்ட் போய்விட்டது, அவன் சேவ் செய்திருக்கவில்லை. ட்ரெஞ்ச்புரூம் மேப் இருக்கும் இடத்திலேயே ஆட்டோசேவ் என்ற ஃபோல்டரில் பிரதிகளை வைத்திருந்தது. சில நிமிட வேலை மட்டுமே போனது.

முழங்கால் உயரம் ஏறிய பாலம்

நடுப்பகுதியைக் கதவாக்க வேண்டும். மேப்பில் வெறும் சுவராக நிற்காமல் ஏதாவது வேலை செய்யும் பொருளை என்டிட்டி என்பார்கள். குவேக்கில் ஃபங்க் டோர் என்ற என்டிட்டிதான் நகரும் துண்டுகளுக்கு வேலைக்காரன். ஆங்கிள் மைனஸ் ஒன்று என்று கொடுத்தால் மேலே போகும். கொடுத்தான். பாலத்தின் பக்கம் போனதுமே அது தானாக எழுந்தது. பெயர் வைக்காத கதவு, ஆள் அருகே வந்தாலே திறக்கும். டார்கெட்நேம் கொடுத்து, கோபுரத்தில் இருந்த பொத்தானோடு இணைத்தோம். இப்போது பொத்தானை அழுத்தினால்தான் எழுந்தது.

ஆனால் முழங்கால் உயரம்தான்! மூன்று வினாடியில் திரும்ப இறங்கியும்விட்டது.

இங்கே உதவியது விளக்கப் பக்கங்கள் இல்லை, அசல் மேப்புகள். குவேக்கை வடிவமைத்தவர்களில் ஒருவரான ஜான் ரொமேரோ, அந்த விளையாட்டின் மூல மேப் கோப்புகளை 2006-இல் வெளியிட்டார். அவற்றை ட்ரெஞ்ச்புரூமில் திறந்து, கதவுகளை ஒவ்வொன்றாகச் சொடுக்கி என்ன எழுதியிருக்கிறது என்று படித்தோம். லிப் என்ற ஒரு சொல் கண்ணில் பட்டது. கதவு எவ்வளவு தூரம் போகும் என்பது அதன் சொந்த அளவிலிருந்து லிப்பைக் கழித்தால் வருவது. எதுவும் எழுதாவிட்டால் லிப் 8. எங்கள் பாலத்தின் கனம் 32. கழித்தால் 24.

பையன் நோட்டை எடுத்தான். 256 போக வேண்டும், கனம் 32, அப்படியானால் லிப்? "மைனஸ் 224 மாமா. மைனஸ் கொடுக்கலாமா?" கொடுத்துப் பார்க்கச் சொன்னேன். ஸ்பீடை 40 ஆக்கினான், திரும்ப இறங்காமலிருக்க வெயிட்டை மைனஸ் ஒன்று ஆக்கினான். பொத்தானை அழுத்தினான். பாலம் மெதுவாக, ஆறு வினாடிக்கு மேல் எடுத்துக்கொண்டு, இரண்டு கோபுரங்களுக்கும் நடுவில் மேலே போனது. அவன் எழுந்து நின்றுவிட்டான். நான்கு வாரம் கற்றுக்கொண்ட எல்லாம் அந்த ஆறு வினாடியில் சேர்ந்து நின்றன. நான் எழுந்து நிற்காததற்குக் காரணம், மவுஸ் என் கையில் இருந்ததுதான்.

மற்றவர்கள் விளையாடியபோது

ஜூன் முதல் வாரம் வகுப்புப் பிள்ளைகள் ஐந்து பேரை உட்காரவைத்தோம். நிபந்தனை ஒன்றுதான்: பையன் பின்னால் நின்று பார்க்கலாம், வாய் திறக்கக் கூடாது. அது அவனுக்குப் பெரிய சோதனையாக இருந்தது.

ஐந்தில் நான்கு பேர் செய்த முதல் வேலை கடலில் குதித்தது. குதித்தவர்கள் ஏற முடியாமல் தூணைச் சுற்றிச் சுற்றி நீந்தினார்கள். கரையில் ஒரு சரிவும், தூணோரம் படிகளும் வைத்தோம். பொத்தான் யாருக்கும் தெரியவில்லை. அதன் மேல் விளக்கு வைத்தோம், வைத்ததும் எல்லாரும் அங்கேதான் போனார்கள். அரக்கர்களை ஒரே வரிசையில் நிறுத்தியிருந்தான். கர்டர் மறைவுக்கும் கோபுரத்துக்கும் பிரித்து வைத்த பிறகுதான் ஓடுவதற்கும் ஒளிவதற்கும் காரணம் வந்தது. கடலின் நிறம் மட்டும் அவனுக்குக் கடைசிவரை பிடிக்கவில்லை. குவேக்கின் வண்ணத்தட்டில் 256 நிறங்கள், பழுப்பே அதிகம். அதைப் பிறகு பார்க்கலாம் என்று ஒதுக்கினோம்.

ஜூன் 13 இரவு மச்சானை உட்காரவைத்தான். அவருக்காகவே ஒரு படகு செய்திருந்தான். அதைப் பாதை வழியே நகர்த்துவது ஃபங்க் டிரெயின் என்ற என்டிட்டி. பொத்தானை அழுத்தினால் பாலம் எழும், படகு அடியில் போகும். அவர் அழுத்தினார், பார்த்தார், இன்னொரு தடவை போடச் சொன்னார்.

"பாலம் ஏறி முடிக்கிறதுக்குள்ள படகு கிளம்புதே. நாங்க அப்படிப் போக மாட்டோம். முழுசா தூக்கி நிறுத்தி, போகச் சொன்ன பிறகுதான் கயிறை அவுப்போம்."

பாலம் திறக்கிற நாளில் வரிசையில் காத்து நின்ற படகுக்காரரின் கண் அது. பையன் உட்கார்ந்தான். பொத்தான் இரண்டையும் ஒரே நேரத்தில் தட்டிக்கொண்டிருந்தது. நடுவில், கட்டளையைத் தாமதித்துக் கடத்தும் டிரிக்கர் ரிலே ஒன்றை வைத்து, அதற்குப் பாலத்தின் பெயரையே கொடுத்து, டிலே 7 என்று எழுதி, படகை அதன் பின்னால் கோத்தான். கம்பைல் ஓடி முடிந்தது. மச்சான் மறுபடி அழுத்தினார். பாலம் ஏறி நின்றது. ஒரு மூச்சு விடும் நேரம் கழித்துப் படகு நகர்ந்தது.

"ஆங், இப்போ சரி" என்று சொல்லிவிட்டு, ஐஸ் ஏற்ற நேரமாகிவிட்டது என்று கிளம்பினார்.